நடுங்கிய நாடு எது?

வேங்கைபுரத்து ராஜா சண்டகேசரிக்குத் தன் படையை உலகமே மெச்ச வேண்டும் என்று ஆசை. அயல்நாட்டுத் தூதர் வந்த அன்று ஜனங்களை மைதானத்தில் கூட்டினார்.

"இங்கே நடப்பது மக்களாட்சி! நம் படைக்கு உலகமே அஞ்சுகிறது என்பவர்கள் கையைத் தூக்குங்கடா. நான் சொல்லும்வரை இறக்கக் கூடாது!"

ஒவ்வொருவர் முதுகுக்குப் பின்னாலும் ஒரு வேல் நின்றது. அத்தனை கைகளும் எழுந்தன.

தூதர் தன் மொழியில் மெல்லச் சொன்னார்: "இந்தப் படைக்கு அஞ்சுவது இந்த ஜனங்கள் மட்டும்தான்."

"என்ன சொல்கிறார்?" என்று ராஜா மொழிபெயர்ப்பாளர் அலர்மேலைக் கேட்டார்.

அவளுக்கு முன்பு அந்த வேலையில் இருந்தவர் உண்மையைச் சொல்லித் தலையை இழந்தவர். பொய் சொல்லலாம் என்றால், தூதருக்குக் கொஞ்சம் தமிழ் தெரியும்.

"மகாராஜா, நம் படையைக் கண்டு ஒரு நாடே நடுங்குகிறதாம்."

ராஜா மீசையை முறுக்கினார். "எந்த நாடு?"

"படையை வெளியே அனுப்பினால் இங்கேயே காட்டுகிறேன், மகாராஜா."

ராஜா பெருமையோடு கையசைத்தார். கடைசி வீரனும் வாசலைத் தாண்டியதும், தூக்கிய கைகள் ஒவ்வொன்றாக இறங்கின.

"இந்த நாடுதான்" என்றாள் அலர்மேல்.

ராஜா ஆத்திரத்தில் வாளை உருவப் போனார். ஆயிரம் பேர் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். தன் பக்கத்தில் ஒரு காவலாளிகூட இல்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. வாளை விட்டுவிட்டு இரு கைகளையும் கூப்பினார்.

"எல்லாரும் பத்திரமாகப் போய் வாருங்கள், ஐயா."