மன்னரிடம் தோற்றவர்கள்

ஊருக்கு ஊர் ஒரு ராஜா இருந்த முன்னொரு காலத்தில், ஒரு மன்னருக்கு உலகிலேயே பெரிய வாள்வீரர் தாம்தான் என்ற எண்ணம் இருந்தது. அவரைக் குறை சொல்ல முடியாது. படைத்தலைவர் மழவராயர் அவரோடு வாள் பிடித்தால், மன்னர் வீசுவதற்கு முன்பே "ஐயோ, போச்சு!" என்று மல்லாக்க விழுவார். மந்திரிகளோ, மன்னர் உறையில் கை வைத்தாலே மண்டியிட்டுவிடுவார்கள்.

இன்னும் ஏதாவது வித்தை மிச்சம் இருந்தால் அதையும் கற்றுவிடலாம் என்று மன்னர் ஒருநாள் வாள் வாத்தியார் சடையப்பரிடம் போனார். சடையப்பர் ஒரு மரவாளை எடுத்துக் கொடுத்தார்.

"எங்கே, அடிங்க மகாராஜா."

மன்னர் ஓங்கினார். இறக்குவதற்குள் தோளில் ஒன்று, முழங்காலில் ஒன்று, இடுப்பில் ஒன்று விழுந்தது.

"ஈ ஓட்டுற மாதிரி வீசுறீங்க. கால் எங்கே போகுதுன்னு கைக்குத் தெரியலை. நாளைக்கு வெள்ளன வாங்க."

மன்னரும் போனார். மாதக்கணக்கில் போனார். அரண்மனையில் நல்லெண்ணெய்ச் செலவு ஏறியது. சிம்மாசனத்தில் தலையணை போட வேண்டியதாயிற்று.

மழவராயருக்குத் தூக்கம் போயிற்று. மன்னருக்கு நிஜமாகவே வாள் பிடிக்கத் தெரிந்துவிட்டால் தம் நடிப்பு என்னாவது? மன்னருக்கு இடுப்பு பிடித்துக்கொண்ட ஒருநாளாகப் பார்த்து, சபையில் எழுந்தார்.

"மன்னா, அந்த வாத்தியான் தங்களை அடிக்கிறானே தவிர, வித்தை எதுவும் கற்பிக்கவில்லை. விஜயதசமியன்று தாங்களும் அவனும் சபையில் மோதிப் பார்க்க வேண்டும். தாங்கள் தோற்றால், அவன் பாடம் சொல்லத் தெரியாதவன். தாங்கள் வென்றால், மன்னரிடம் தோற்கிறவன் வாள்வீரனே அல்ல. எப்படியானாலும் நாட்டை விட்டுப் போக வேண்டியவன்தான்."

"அப்படியே ஆகட்டும்" என்றார் மன்னர், இடுப்பைப் பிடித்தபடி.

சபையைச் சிரிக்கவைக்கிற ஏகாம்பரத்துக்கு அன்று சிரிப்பு வரவில்லை. அவன் அரண்மனைக்கு வந்த புதிதில், பொறாமைக்காரர்கள் அவனைப் படிக்கட்டில் காலை வாரி விட்டு வேடிக்கை பார்ப்பார்கள். அடிபடாமல் விழுவது எப்படி என்று தனியாகக் கூப்பிட்டுச் சொல்லித் தந்தவர் சடையப்பர். அதற்குக் கைமாறாக ஒரு வெற்றிலைகூட வாங்கிக்கொண்டதில்லை.

அவன் போனபோது சடையப்பர் துணிமூட்டை கட்டிக்கொண்டிருந்தார்.

"வாத்தியாரே, ஒரே ஒரு தடவை தோத்துத்தான் போங்களேன். மன்னர் மனசு குளிர்ந்து ஆணையை மாத்தினாலும் மாத்துவார்."

"நான் தோத்துக் குடுத்தா, வித்தை வந்துடுச்சுன்னு அவர் நம்பிடுவார். நாளைக்குப் போர்க்களத்துல எதிரி தோத்துக் குடுப்பானா, ஏகாம்பரம்?"

ஏகாம்பரம் அவரைக் கும்பிட்டுவிட்டுக் கிளம்பினான். திரும்பி நடக்கும்போதுதான் ஒன்று தோன்றியது. நேரே வண்டிப்பேட்டைக்குப் போனான்.

விஜயதசமியன்று காலையில் அரண்மனை வாசலை அடைத்துக்கொண்டு வரிசையாக மாட்டுவண்டிகள் நின்றன. முதல் வண்டியில் ஏகாம்பரம் ஏறி நின்று, ஒரு கட்டிலைக் கயிறு போட்டு இறுக்கிக்கொண்டிருந்தான்.

"என்ன கூத்து இது?" என்றார் மன்னர்.

"தங்கள் ஆணையைத்தான் நிறைவேற்றுகிறேன், மன்னா. மன்னரிடம் தோற்கிறவன் நாட்டை விட்டுப் போக வேண்டும். வாத்தியார் இன்னும் தோற்கவில்லை. ஆகவே, ஏற்கெனவே தோற்றவர்களை முதலில் அனுப்பிவிடலாம் என்று பார்த்தேன். பின்னால் நிற்கும் வண்டிகள் மந்திரிகளுக்கு. இது படைத்தலைவருடையது, அதிகம் தோற்றவர் அவர்தான். எல்லாச் சாமானும் ஏற்றியாயிற்று. அவர் வீட்டம்மாள் உரலையும் ஏற்றச் சொல்கிறார், அதற்குத்தான் இடமில்லை."

மழவராயர் ஓடி வந்தார். "மன்னா! நான் ஒருநாளும் தோற்கவில்லை! தங்கள் மனம் கோணக்கூடாதே என்று வேண்டுமென்றேதான் விழுந்தேன்!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கு உறைத்தது. மந்திரிகள் தரையைப் பார்த்தார்கள். மன்னரின் முகம் கறுத்தது. கோபம் யார்மேல் திரும்புமோ என்று ஏகாம்பரம் வண்டியிலிருந்து மெல்ல இறங்கினான்.

"அத்தனை வெற்றியும் பொய்யா?" என்றார் மன்னர் மெதுவாக. "மரவாளை எடும், மழவராயரே. இன்று விழக்கூடாது. விழுந்தால், வண்டி தயாராக நிற்கிறது."

வேறு வழியில்லாமல் மழவராயர் உண்மையாகவே வீசினார். தோளுக்கு வந்த அடியை மன்னரின் வாள் தானாக எழுந்து தடுத்தது. முழங்காலுக்கு வந்ததையும் தடுத்தது. இடுப்புக்கு வந்தபோது கால் தானாக விலகியது. மழவராயருக்கு வியர்த்தது. அடுத்த வீச்சில் மன்னரின் வாள் பறந்தது. மன்னர் தொப்பென்று மண்ணில் உட்கார்ந்தார்.

மன்னர் வாளைப் பார்த்தார், தம் கையைப் பார்த்தார், பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார்.

"படைத்தலைவரின் அடியைத் தடுத்தேன்! நானே தடுத்தேன், பார்த்தீர்களா?"

எழுந்து, மூட்டையும் மரவாளுமாகப் போட்டிக்கு வந்து நின்ற சடையப்பரிடம் நேரே போனார். அவருடைய மரவாளை வாங்கிக் கண்களில் ஒற்றிக்கொண்டார். "வாத்தியாரே, இந்த நாட்டில் என்னை அடிக்க நீர் ஒருவராவது இருந்தீரே! மூட்டையை அவிழும். ஆணை ரத்து." பிறகு மந்திரிகள் பக்கம் திரும்பினார். "நீங்களும் படைத்தலைவரும் வெளியூர் போக வேண்டாம். நாளை வெள்ளன வாத்தியாரிடம் வாருங்கள்." மந்திரிகளின் கைகள் அப்போதே முதுகைத் தடவின.

சடையப்பர் ஏகாம்பரத்தின் தோளைப் பற்றினார். "உனக்கு நான் என்னப்பா செய்யப்போறேன்?" என்றார். ஏகாம்பரம் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

மன்னர் கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றி அவனுக்குப் போட வந்தார். கை தோளுக்கு மேல் எழவில்லை. ஏகாம்பரம் குனிந்து தலையை நீட்டினான்.

"வலிக்கிறதா, மகாராஜா?"

"வலிக்கிறது, ஏகாம்பரம்" என்றார் மன்னர் சிரித்துக்கொண்டே. "இன்றைக்குத்தான் நன்றாக வலிக்கிறது."