இருபத்திரண்டு டிகிரி

வியாழக்கிழமை காலையில் குளிர்பெட்டியைத் திறக்கப் போன தவசிமுத்து அப்படியே நின்றுவிட்டான். நான்கு டிகிரி காட்ட வேண்டிய பெட்டி இருபத்திரண்டு காட்டியது.

உள்ளேயிருந்த தட்டை எடுத்து நுண்ணோக்கியின் கீழ் வைத்தான். இருபத்து நான்கு குழிகள், குழிக்கு ஒரு துளி. நேற்று மாலைவரை ஒவ்வொரு துளியிலும் முடியைவிட மெல்லிய புரதப் படிகங்கள், ஊசி ஊசியாய், கொத்துக் கொத்தாய் நின்றன. இன்று ஒன்றுகூட இல்லை. எல்லாம் கரைந்து, துளிகள் வெறும் தண்ணீர்போலத் தெளிந்து கிடந்தன.

ஐந்து மாத உழைப்பு. கண்ணாடிவிரியன் விஷத்திலுள்ள ஒரு புரதம் அது. கடலைக்காட்டில் களையெடுத்துக்கொண்டிருந்த அவன் தம்பி அந்தப் பாம்பு கடித்துத்தான் செத்தான். அதற்குப் பிறகே தவசிமுத்து கல்லூரி வேலையை விட்டுவிட்டு, முப்பத்தெட்டு வயதில் ஆராய்ச்சி மாணவனாக வந்து சேர்ந்தான். புரதம் படிகமானால்தான் எக்ஸ்ரேயில் அதன் உருவம் தெரியும்; உருவம் தெரிந்தால்தான் அதை முறிக்க மருந்து தேடலாம். எக்ஸ்ரே நிலையத்தில் அவனுக்கு இடம் கொடுத்திருந்த நாளுக்கு இன்னும் மூன்று வாரம்தான்.

“எவன் இதுல கை வெச்சது?”

ஆய்வுக்கூடமே திரும்பிப் பார்த்தது. அவனுடைய வழிகாட்டி, பேராசிரியர் சலோமி, கையுறையைக் கழற்றினார். அவனைவிட ஆறு வயதுதான் மூத்தவர்.

“நான்தான்.”

“எதுக்கு?”

“கரைக்கிறதுக்கு.”

“என் படிகத்தைக் கரைக்க நீங்க யாரு மேடம்?”

“அவ்வளவு மெல்லிய ஊசியை வெச்சு எக்ஸ்ரேயில ஒண்ணும் தெரியாது. எடுத்த எடுப்புல நாலு டிகிரியில வெச்சுட்டீங்க. மூலக்கூறெல்லாம் ஒரே நேரத்துல இடம்பிடிக்க அடிச்சுக்கிட்டு, கண்டபடி ஒட்டிக்கிச்சு. சூடாக்கிக் கரைச்சிருக்கேன். இனி தினம் ஒரு டிகிரியா இறக்கணும்.”

“மறுபடி வளருமா?”

“தெரியாது.”

“தெரியாமயா கரைச்சீங்க? என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?”

“கேட்டிருந்தா விட்டிருப்பீங்களா?”

“விட்டிருக்கமாட்டேன்! செத்தது உங்க தம்பி இல்லையே!”

சலோமி, “இல்ல,” என்று மட்டும் சொன்னார்.

அன்றைக்கே அவன் துறைத்தலைவருக்குப் புகார் எழுதினான். மாணவனின் கடிதம் வழிகாட்டியின் கையெழுத்தில்லாமல் மேலே போகாது. அதை அவர் மேசைமேல் போட்டான்.

சலோமி நிதானமாகப் படித்தார். ஓரிடத்தில் பேனாவை நிறுத்தினார்.

“‘கவனக்குறைவால் வெப்பநிலையை உயர்த்திவிட்டார்’னு எழுதியிருக்கீங்க.”

“ஆமா. அதுக்கென்ன?”

“பொய்.”

‘கவனக்குறைவால்’ என்பதை அடித்துவிட்டு, மேலே ‘வேண்டுமென்றே’ என்று எழுதினார். பிறகு கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

அது அவன் கோபத்தை இன்னும் கிளறிவிட்டது. எதிர்த்துப் பேசியிருந்தால் கத்தித் தீர்த்திருப்பான். கடிதத்தைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தான்.

அதன்பின் அவரோடு பேசவில்லை. அவர் வந்தால் எழுந்து வெளியே போனான். ஆனால் வெப்பநிலையைக் குறைக்கும் வேலையை மட்டும் யாருக்கும் விடவில்லை. தினமும் காலையில் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு டிகிரி இறக்கினான். இருபத்தொன்று. இருபது. பத்தொன்பது. துளிகள் தெளிவாகவே இருந்தன. அதைப் பார்க்கும்போதெல்லாம் தம்பியின் வீங்கிய கால் நினைவுக்கு வந்தது. பதினைந்து டிகிரிக்கு வந்தபோது தட்டைத் தூக்கிச் சுவரில் அடிக்கத் தோன்றியது. அடிக்கவில்லை.

பன்னிரண்டாம் நாள். பெட்டி பத்து டிகிரி காட்டியது. ஏழாவது குழியில் ஒரே ஒரு படிகம் இருந்தது. கல்லுப்புபோலக் கனமாக, ஆறு பக்கமும் கூர்மையாக வெட்டியதுபோல. நுண்ணோக்கியை விட்டு அவனால் கண்ணை எடுக்க முடியவில்லை.

வெகுநேரம் கழித்து சலோமியின் அறைக்குப் போனான்.

“ஒண்ணு வளர்ந்திருக்கு மேடம்.”

அவர் எழுந்து வந்து பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. “இது போதும். இதை வெச்சுப் பார்த்துடலாம்.”

அவன் தயங்கினான். “அந்தப் புகாரைத் திரும்ப வாங்கிக்கிறேன்.”

“ஏன்?”

“வளர்ந்திருச்சே.”

“வளராம போயிருந்தா?”

அவன் யோசிக்கவே இல்லை. “வாங்கியிருக்கமாட்டேன்.”

“உங்களைக் கேட்காம செஞ்சது அன்னைக்குத் தப்புன்னா, இன்னைக்கும் தப்புதான் தவசிமுத்து. கடிதம் அங்கேயே இருக்கட்டும்.”