தாளிக்காத சாம்பார்

தாமிரபரணிக் கரையில் இருந்த அந்த ஆசிரமத்துக்குத் தில்லைநாயகம் வந்து சேர்ந்தபோது அவருக்கு வயது அறுபத்து மூன்று. குரு கோமதி அம்மைக்கு நாற்பத்தொன்று. தன்னைவிட அத்தனை இளையவளிடம் சீடனாக உட்காருவதில் அவருக்குக் கூச்சம் ஒன்றும் இல்லை. கோர்ட்டில் முப்பத்தோரு வருஷம் பெஞ்சு கிளார்க்காக இருந்தவர். மகன் வயது நீதிபதிகளுக்கெல்லாம் எழுந்து நின்று பழகியவர்.

வந்த அன்றே அவர் கேட்டது ஒரே கேள்வி.

"என் சம்சாரம் தெய்வானை செத்து மூணு மாசம் ஆகுது. எனக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரல. ஏன்மா?"

அம்மை அவர் கையிலிருந்த பையை வாங்கி ஓரமாக வைத்தாள்.

"அடுக்களையை நீங்க பாத்துக்கிடுங்க" என்றாள்.

கேட்டது ஒன்று, கிடைத்தது ஒன்று. தில்லைநாயகத்துக்குச் சுருக்கென்றது. ஆனாலும் போனார். அடுக்களையில் ஆறு பெண்கள், தினமும் இருநூறு பேருக்குச் சமையல். விறகு காய்ந்திருக்கிறதா, காய் வந்துவிட்டதா, இலை கிழியாமல் இருக்கிறதா என்று பார்ப்பதிலேயே எட்டு மாதத்துக்கு மேல் ஓடிவிட்டது.

தெய்வானையின் தலைத்திவசத்துக்கு இன்னும் நான்கு நாள்தான் இருந்தது. "எங்கம்மாவ எடுக்கும்போது அப்பா கல்லு மாதிரி நின்னாரு" என்று மகன் யாரிடமோ சொன்னது அவர் காதிலேயே விழுந்திருந்தது. அதே முகத்தோடு திரும்பவும் போய் அத்தனை சொந்தக்காரர் முன்னால் நிற்க வேண்டும். அவமானம்கூடப் பெரிதில்லை. அவள்மேல் தனக்குப் பிரியமே இல்லாமல் போயிருந்ததோ என்று அவருக்குப் பயமாக இருந்தது.

அந்த வியாழக்கிழமை சாம்பாரில் தாளிப்பு இல்லை.

கடுகு இல்லை, கறிவேப்பிலை இல்லை, பேருக்குக்கூடப் பெருங்காயம் இல்லை. ரசம் மட்டும் கமகமவென்று வந்தது. பந்தியில் இருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். வெளியூர்க்காரர் ஒருவர், "இன்னைக்கு ஏதும் விரதமா சாமி?" என்று மெதுவாகக் கேட்டார்.

தில்லைநாயகம் விறுவிறுவென்று அடுக்களைக்குள் போனார். ஆறு பேர் கண்ணும் சிவந்திருந்தது. அவர் பதறிப் போனார்.

"யாரு செத்தா?"

"கனகவல்லிய்யா" என்றாள் சொர்ணம். அடுக்களைக்கு மூத்தவள் அவள்தான்.

"எந்த ஊரு?"

பேச்சியம்மாள் ஒரு வாரப் பத்திரிகையை நீட்டினாள். வியாழன்தோறும் அது வரும். மற்ற ஐந்து பேரும் காய் வெட்ட, அவள் தொடர்கதையை உரக்கப் படிப்பாள். கட்டுக்கதை என்று தில்லைநாயகம் அந்த நேரத்தில் அந்தப் பக்கமே போக மாட்டார். பொய் சொல்கிறவர்களைத்தான் கோர்ட்டில் காலம் முழுக்கக் கேட்டாயிற்றே. அந்தத் தொடர்கதையின் நாயகி கனகவல்லி இந்த வாரம் பரிசல் கவிழ்ந்து ஆற்றோடு போய்விட்டாள். துக்க வீட்டில் தாளிக்கக் கூடாது. அதனால் தாளிக்கவில்லை.

"அப்போ ரசத்துல மட்டும் எப்படி?"

"உடம்பு இன்னும் கிடைக்கலல்லா. அடுத்த வாரம்தான் தெரியும்" என்றாள் பேச்சியம்மாள். "அதான் பாதித் துக்கம்."

தில்லைநாயகத்துக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. நேரே கோமதி அம்மையிடம் போனார். அவள் கிணற்றடியில் தியான மண்டபத்துத் துணிப் பாய்களைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பத்திரிகைய நிறுத்தணும்மா, இன்னைக்கே. இல்லாத ஒருத்திக்காக இருநூறு பேரு சப்புன்னு சாப்பிட்டுட்டுப் போறாங்க."

"நிறுத்திரலாம்" என்றாள் அம்மை. "அதுக்கு முன்னால ஒரு வேலை. கனகவல்லின்னு ஒருத்தி இல்லவே இல்லைன்னு அவங்ககிட்டப் போய்ச் சொல்லிட்டு வாங்க. பாவம், தெரியாம அழுதுக்கிட்டிருக்காங்க."

அது நியாயமாகப் பட்டது. தில்லைநாயகம் திரும்பிப் போனார். அடுக்களை நடுவில் நின்று, சாட்சியைக் கூப்பிடும் குரலில் விஷயத்தைச் சொன்னார்.

சொர்ணம் சிரித்துவிட்டாள்.

"அவ இல்லன்னு எங்களுக்குத் தெரியாதாய்யா? இருந்தா நாங்க இங்கன உக்காந்து வெண்டைக்கா வெட்டிக்கிட்டா இருப்போம்? அடுத்த பஸ்ஸப் பிடிச்சுப் போயிருக்க மாட்டோமா?"

"அந்தப் பரிசல்காரன் மட்டும் என் கையில கிடைக்கட்டும்" என்றாள் இன்னொருத்தி.

"அவனும் இல்லக்கா" என்றாள் பேச்சியம்மாள்.

"அதான் தப்பிச்சான்."

அழுத கண்ணோடு ஆறு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். தில்லைநாயகத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"தெரிஞ்சுமா அழுதீங்க?"

சொர்ணம் வெண்டைக்காயிலிருந்து கையை எடுக்கவில்லை.

"எங்க வீட்டுக்காரரு செத்த அன்னைக்கு நான் அழலய்யா. வந்த சனத்துக்குக் காப்பி பத்துமான்னு பாத்துக்கிட்டிருந்தேன். கனகவல்லிக்குன்னா நமக்கு ஒரு வேலையும் இல்ல பாருங்க. உக்காந்து அழ வேண்டியதுதான்."

அவர் கிணற்றடிக்குத் திரும்பி வந்தார்.

"சொல்லிட்டீங்களா?" என்று கேட்டாள் அம்மை.

"அவங்களுக்குத் தெரியுமாம்."

"சரி. பத்திரிகைய நிறுத்திரலாமா?"

அம்மை நனைந்த பாயைத் தூக்க, தில்லைநாயகம் போய் மறுமுனையைப் பிடித்தார். இரண்டு பேரும் முறுக்கினார்கள். தண்ணீர் கொட்டியது. அவர் குரல் திடீரென்று உயர்ந்தது.

"பொய்யின்னு தெரிஞ்சு அவங்க அழுறாங்க. நெசம்னு தெரிஞ்சும் எனக்கு வரல. இது எந்த ஊரு நியாயம்மா?"

சொன்ன பிறகுதான் அவருக்கே தெரிந்தது, தன் வயிற்றெரிச்சல் சாம்பாரைப் பற்றியது இல்லை என்று. அந்த ஆறு பெண்கள்மேல் அவருக்கு வெறும் பொறாமை.

"தெய்வானை எப்படிப் போனாங்க?" என்றாள் அம்மை.

"மூளையில ரத்தக் கசிவு. பதினோரு நாள் ஆஸ்பத்திரியில இருந்தா. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நாலு பத்துக்கு முடிஞ்சுது."

குரல் எங்கும் தடுமாறவில்லை.

"வாக்குமூலம் சரியா இருக்கு" என்றாள் அம்மை. "இப்போ நடக்காத ஒண்ணு சொல்லுங்க."

"என்னது?"

"தெய்வானையப் பத்தி ஒரு பொய் சொல்லுங்க."

அவர் திகைத்துப் போனார். எத்தனை ஆயிரம் பேரிடம் சத்தியம் வாங்கியவர் அவர்!

"எனக்குப் பொய் சொல்ல வராதும்மா."

"வரும், சொல்லுங்க. நான் ஒண்ணும் சத்தியம் வாங்கலயே."

தில்லைநாயகம் பாயின் ஓரத்தைப் பிசைந்தபடி நின்றார்.

"தெய்வானை இன்னைக்குக் காலைல இங்க வந்தா" என்றார்.

"எதுல வந்தாங்க?"

"பஸ்ஸுலதான். சன்னல் சீட்டுக்காக எவகூடவோ சண்டை போட்டுட்டு வந்தா."

"ம்."

"நேரா அடுக்களைக்குப் போனா. என்னைத் திரும்பிக்கூடப் பாக்கல. சொர்ணம் முன்னால இருந்த அருவாமனையப் பிடுங்கிப் போட்டு உக்காந்தா. இதுவரைக்கும் கதை என்னன்னு கேட்டா. பேச்சியம்மா முதல்ல இருந்து சொன்னா. எல்லாத்தையும் கேட்டுட்டு, 'ஆத்துல வெள்ளம் போகும்போது பரிசல்ல ஏறினாளே, அவளுக்கு அறிவு எங்க போச்சு'ன்னு வைதா. சொர்ணத்துக்கு ரோசம் வந்திட்டு. ரெண்டு பேருக்கும் ஒரே சண்டை."

அவர் பேச்சில் வேகம் கூடியிருந்தது. அது அவருக்குத் தெரியவில்லை.

"சண்டையெல்லாம் முடிஞ்ச பெறவு, சொர்ணம் என்னைக் காட்டி, 'இவரு சொல்லித்தான் நாங்க சமைக்கோம்'னு சொன்னா. தெய்வானை என்னை ஏற இறங்கப் பாத்தா. 'இவுகளா? இவுகளுக்கு வெந்நி வைக்கத் தெரியாதே!'ன்னா. ஆறு பேரும் கொல்லுன்னு சிரிச்சாங்க."

தில்லைநாயகமும் பல் தெரியச் சிரித்தார். சிரிக்கச் சிரிக்க அவருக்கு மூச்சு முட்டியது. ஈரப் பாயை அப்படியே முகத்தோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்க அழுதார். அழுது முடிக்க வெகுநேரம் ஆயிற்று. அதுவரை அம்மை மறுமுனையை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். சின்னப் பிள்ளை போல ஒரு வெட்கம் வந்துவிட்டது.

"அத்தனையும் பொய்தானேம்மா. அவ வரவே இல்லையே."

"வரலதான்" என்றாள் கோமதி அம்மை. பாயைக் கொடியில் போட்டுவிட்டு அவர் பக்கம் திரும்பினாள்.

"எல்லாரும் சிரிச்சாங்கல்ல, அப்புறம் தெய்வானை என்ன சொன்னாங்க?"