மணிக்கு இரண்டு குடுவை

மலையடிவாரக் காட்டில் பெரிய அருவி ஒன்று இருந்தது. யானைகள் கூடி அதில் ஒரு சக்கரம் வைத்தன. சக்கரம் சுற்றியது, மின்சாரம் வந்தது. வளைகளிலும் குகைகளிலும் விளக்கு எரிந்தது. அதே சக்கரம் மணிக்கொரு முறை ஒரு வெண்கல மணியையும் அடிக்கும். காடு முழுக்க அது கேட்கும்.

எலிகள் கம்பியைக் கடிக்கும் வரை எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. ஒருநாள் நரியின் குகையில் பொறி பறந்து, சருகுப் படுக்கை எரிந்துபோனது. நரி வால் கருகித் தப்பியது.

யானைகள் உத்தரவு போட்டன. “இனிமேல் கம்பி வெளியே தெரியக் கூடாது. மூங்கில் குழாய்க்குள்தான் போக வேண்டும்!”

அந்தக் குழாய் வேலையில் கைதேர்ந்தவன் மாறப்பன் என்ற அழுங்கு. உடம்பெல்லாம் செதில், நீண்ட நகம். மண்ணைக் குடைவதிலும் மூங்கிலை அனலில் காட்டி வளைப்பதிலும் அவனை மிஞ்ச ஆளில்லை. காலையில் யானைகளிடம் வேலை செய்வான். மதியத்துக்கு மேல், கூப்பிட்டவர் வளைக்குப் போய்ச் சொந்தமாக வேலை செய்வான்.

முதன்முதலில் கூப்பிட்டது ஓர் உடும்பு. “கூலி எவ்வளவு?” என்று கேட்டது.

மாறப்பன் அதை யோசித்தே பார்த்ததில்லை. கூலி பேசுவது என்றால் அவனுக்குக் கூச்சம். “மணிக்கு... இரண்டு குடுவை கரையான் கொடுங்கள்” என்றான். கரையான்தான் அழுங்குகளின் சாப்பாடு.

“சரி!” என்றது உடும்பு. ஒரு வார்த்தை பேரம் பேசவில்லை. அப்போதே மாறப்பனுக்குச் சுருக்கென்றது. ‘குறைத்துக் கேட்டுவிட்டோமோ?’ என்று நினைத்தான். ஆனால் சொன்னது சொன்னதுதான். மணிக்கு இரண்டு குடுவை என்று காடெங்கும் பேச்சுப் பரவிவிட்டது.

அவன் வேலையில் வேகம். சாதாரண வளை என்றால் மூன்று மணி நேரத்தில் முடித்துவிடுவான். ஆறு குடுவை கிடைக்கும். அதைச் சுமந்துகொண்டு வீட்டுக்குப் போவான். அவனும் மனைவியும் இரண்டு குட்டிகளும் சாப்பிட்டால் அடுத்த வேலை வரைக்கும் அது தாங்காது. நகம் தேய்ந்தது. முதுகு வலித்தது. ‘மூன்றாகக் கேட்போம்’ என்று ஒவ்வொரு முறையும் நினைப்பான். எதிரே ஆளைப் பார்த்ததும் வாய் வராது.

ஒருநாள் நஞ்சன் என்ற முயல் அவனைக் கூப்பிட்டது. “அண்ணே, என் மனைவி குட்டி போடப் போகிறாள். அதற்குள் வளையில் குழாய் போட்டுக் கொடுங்கள்!” என்றான்.

மாறப்பன் வளைக்குள் இறங்கினான். பாதி வேலையில் முதுகு பிடித்துக்கொண்டது. சற்று உட்காரலாம் என்று சுவரில் சாய்ந்தான். கண் அயர்ந்துவிட்டது. டங்! மணி அடித்த சத்தத்தில் திடுக்கிட்டு விழித்தான்.

மேலேயிருந்து நஞ்சனின் குரல் கேட்டது. “மூன்றாவது மணி ஆயிற்று, அண்ணே! நான் கணக்கு வைத்திருக்கிறேன்!”

மாறப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். தூங்கிய நேரத்துக்கும் இரண்டு குடுவை! அவன் யாரிடமும் கேட்கவில்லை. அதுவாகவே வந்தது.

அடுத்து அவன் செய்ததை அவனே எதிர்பார்க்கவில்லை. ஒரு கூழாங்கல்லை எடுத்தான். உட்கார்ந்தபடியே குழாயைத் தட்டினான். டொக், டொக், டொக். மேலே நின்றவனுக்கு அது வேலை நடக்கும் சத்தமாகக் கேட்டது. மூன்று மணி நேர வேலை ஐந்து மணி நேரம் ஆனது. நஞ்சன் பத்துக் குடுவையை எண்ணிக் கொடுத்தான். “ரொம்ப உபகாரம், அண்ணே!” என்று கும்பிடவும் செய்தான்.

மாறப்பன் நிமிர்ந்து பார்க்காமல் நடந்தான்.

அதற்குப் பிறகு வந்த வேலையையெல்லாம் அவன் இழுத்தான். முன்பெல்லாம் வேலை முடிந்ததும் குழாயைத் தடவிப் பார்த்துச் சந்தோஷப்படுவான். இப்போது அந்தச் சந்தோஷம் இல்லை. வீட்டில் குடுவைகள் நிறைந்தன. ஆனால், வேலை செய்து வந்த களைப்பைவிட, சும்மா உட்கார்ந்து தட்டிவிட்டு வந்த களைப்பு அதிகமாக இருந்தது.

பிறகு பொங்கியம்மா வீட்டு வேலை வந்தது. அவள் ஒரு முள்ளம்பன்றி. யாரையும் நம்பிக் கெட்டுப்போகிறவள் அல்ல. யாரையும் சட்டென்று வைகிறவளும் அல்ல. நான்காவது மணி அடித்ததும், ‘பாவம், தாகமாக இருக்கும்’ என்று தண்ணீர் எடுத்துக்கொண்டு வளைக்குள் இறங்கினாள்.

அங்கே மாறப்பன் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். குழாய் எல்லாம் பூட்டி முடிந்திருந்தது. கையிலிருந்த கல் மட்டும் தட்டிக்கொண்டிருந்தது.

பொங்கியம்மாளின் முள்ளெல்லாம் சிலிர்த்தது. “என்ன மாறப்பா இது?”

கல் கீழே விழுந்தது. “அக்கா...” என்றான். செதிலுக்குள் தலையை இழுத்துக்கொண்டு பந்தாகச் சுருண்டுவிட்டான்.

“சுருண்டால் ஆயிற்றா? ஒழுங்காக உட்கார்ந்து பேசு! இத்தனை நல்ல வேலைக்காரன் நீ. எதற்கு இந்தப் பிழைப்பு?”

அவன் மெல்லத் தலையை நீட்டினான். “கூலி கட்டுப்படியாகவில்லை, அக்கா.”

“கட்டுப்படியாகவில்லை என்றால் கூட்டிக் கேட்பதுதானே? மூன்று மணி நேரத்துக்கு ஆறு குடுவை. எனக்கென்னவோ அது நல்ல கூலியாகத்தான் தெரிகிறது.”

“நீங்கள் பார்ப்பது இந்த மூன்று மணி நேரத்தை மட்டும்தான்” என்றான் மாறப்பன்.

பொங்கியம்மா யோசித்தாள். “அப்படியானால் மீதியையும் காட்டு. அடுத்த வேலைக்கு மூங்கில் வெட்டப் போகும்போது நானும் வருகிறேன்.”

மறுநாள் இருவரும் போனார்கள். மூங்கில் புதருக்கு மேடேறி நடக்கவே முதல் மணி அடித்துவிட்டது. பூச்சி அரிக்காத மூங்கிலாகப் பார்த்து வெட்டி முடிக்கும்போது இரண்டாவது மணி. கணுக்களைக் குடைந்து, அனலில் வாட்டி வளைத்தபோது மூன்றாவது மணி. வளைத்த ஐந்தில் இரண்டு படீரென்று பிளந்தன.

“ஐயோ!” என்றாள் பொங்கியம்மா.

“தினமும் இப்படித்தான், அக்கா” என்றான் மாறப்பன். வேறு மூங்கில் வெட்டி வளைத்து, கீழே சுமந்து வரும்போது நான்காவது மணி அடித்தது.

பொங்கியம்மா வழியிலேயே நின்றுவிட்டாள். “வெளியே நான்கு, வளைக்குள் மூன்று. ஏழு மணி நேரத்துக்கு ஆறு குடுவை. அடப்பாவி! சும்மா புற்றைத் தோண்டினால் உனக்கு மணிக்கு எவ்வளவு கிடைக்கும்?”

“ஒரு குடுவை.”

“அப்படியென்றால் ஏழு குடுவை ஆகிவிட்டதே! எந்தத் திறமையும் இல்லாமல் தோண்டினாலே ஏழு. நீ கற்ற வேலையைச் செய்து ஆறு வாங்குகிறாய்! பிளந்த மூங்கிலுக்கு ஒன்று, கைத்திறமைக்கு ஒன்று சேர். ஒன்பது. உள்ளே நிற்கும் மூன்று மணிக்கு அதைப் பிரித்தால் மணிக்கு மூன்று.”

“கேட்டால் ஓடிப்போவார்களே, அக்கா!”

“சிலர் ஓடத்தான் செய்வார்கள். நானே முணுமுணுப்பேன். ஆனால் கொடுப்பேன். ஒரு நிபந்தனை: நினைத்த நேரத்தில் உள்ளே வந்து பார்ப்பேன்.”

“தாராளமாக வாருங்கள்” என்றான் மாறப்பன்.

புதுக் கூலியைச் சொல்வதற்கு முன் அவனுக்கு வேறொரு வேலை இருந்தது. நான்கு குடுவை கரையானை எடுத்துக்கொண்டு நஞ்சனின் வளைக்குப் போனான்.

“இது உன்னுடையது, நஞ்சா. அன்று இரண்டு மணி நேரம் நான் வேலை செய்யவில்லை. தூங்கினேன், பிறகு சும்மா தட்டிக்கொண்டிருந்தேன்.”

நஞ்சனின் காதுகள் விறைத்து நின்றன. “சும்மாவா? அண்ணே, உங்களுக்கு நகம் இருக்கிறது. எனக்கு இருக்கிறதா? அந்தப் பத்துக் குடுவைக்கு நான் ஆறு நாள் புற்றைச் சுரண்டினேன்! இதோ பாருங்கள்!” முன்னங்கால்களை நீட்டிக் காட்டினான். ஆறிய புண்ணின் தழும்பு இரண்டிலும் இருந்தது.

மாறப்பன் அந்தத் தழும்புகளையே பார்த்துக்கொண்டிருந்தான். இத்தனை நாளும் தன் முதுகுவலி மட்டும்தான் அவனுக்குத் தெரிந்திருந்தது.

“தப்புத்தான், நஞ்சா. மன்னித்துவிடு.” குடுவைகளை நஞ்சன் பக்கம் நகர்த்தினான். “இன்னொன்றும் சொல்ல வேண்டும். இனிமேல் என் கூலி மணிக்கு மூன்று.”

“என்னது! ஏமாற்றியதும் இல்லாமல் கூலியை ஏற்றுகிறீர்களா?”

“ஆமாம். இது நான் முதலிலேயே கேட்டிருக்க வேண்டிய கூலி. கேட்கத் தைரியமில்லாமல் உன்னிடம் திருடினேன்.” மூங்கில் வெட்டும் நேரம், பிளக்கும் மூங்கில் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் எடுத்துச் சொன்னான். “மூன்று மணி நேரத்தில் முடிப்பேன். நீ பக்கத்திலேயே நின்று பார்க்கலாம்.”

நஞ்சன் கோபத்தோடு மண்ணைக் கீறிக் கணக்குப் போட்டான். போட்டுவிட்டு விழித்தான். அழித்துவிட்டு மறுபடியும் போட்டான்.

“அண்ணே! மணிக்கு இரண்டு என்றபோது பத்துக் கொடுத்தேன். மணிக்கு மூன்று என்றால் ஒன்பதுதானே வருகிறது!”

“ஆமாம். உனக்கு ஒன்று மிச்சம். நானும் தலை நிமிர்ந்து நடக்கலாம்.”

உடனே ஒன்றும் சரியாகிவிடவில்லை. நஞ்சன் அன்று அவனை உள்ளே கூப்பிடவில்லை. மாறப்பன் மற்ற வளைகளுக்கும் போய், இழுத்தடித்த நேரத்துக்கு வாங்கியதைத் திருப்பிக் கொடுத்தான். வீட்டுக் குடுவைகள் பாதிக்கு மேல் காலியாயின. மனைவியிடம் காரணத்தைச் சொன்னான். அவளும் அவனோடு புற்றுத் தோண்ட வந்தாள். புதுக் கூலியைக் கேட்டு மரநாய் கதவைச் சாத்தியது. உடும்பு வாய்விட்டுச் சிரித்தது. பத்து நாள் யாரும் கூப்பிடவில்லை.

பதினோராவது நாள் நஞ்சன் வந்து நின்றான். “குட்டிகள் பிறந்துவிட்டன, அண்ணே. ஆறு! புதிதாக ஓர் அறை தோண்டியிருக்கிறேன். குழாய் போட வருகிறீர்களா? நான் பக்கத்திலேயே நிற்பேன்.”

“நில்லு. அப்படியே விளக்கையும் பிடித்துக்கொள்” என்றான் மாறப்பன்.

உழைப்புக்குத் தகுந்த கூலியைக் கூச்சப்படாமல் முதலிலேயே கேட்பவனுக்குப் பிறரை ஏமாற்ற வேண்டிய அவசியம் வராது.