பெட்டியில் ஏழு கட்டு

வெண்மணல் நாடு என்று ஒரு கடற்கரை நாடு. வெகுகாலத்துக்கு முன் அதைக் கடம்பமாறன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான், ஆனால் பொறுமை மருந்துக்கும் கிடையாது. எதைக் கேட்டாலும் உட்கார்ந்த இடத்திலேயே தீர்ப்புச் சொல்லியாக வேண்டும் அவனுக்கு.

அவன் சபையில் சாட்சி சொல்ல வருகிறவர்கள் அவரவர் வேதத்தின் மேல் கைவைத்துச் சத்தியம் செய்வது வழக்கம். ஒருநாள் ஒரு கிணறு யாருக்குச் சொந்தம் என்ற வழக்கில் சாட்சி சொல்ல சூசையம்மாள் என்ற கத்தோலிக்க விதவை வந்தாள். அவள் கணவன் தன் கையால் எழுதிய வேதம், புத்தகத்துக்கு ஒன்றாக எழுபத்துமூன்று ஓலைக்கட்டுகளாக ஒரு மரப்பெட்டியில் இருந்தது. அவள் அதன்மேல் கைவைக்கும் முன்பே கிணறு தன்னுடையது என்று வாதாடிய மாசிலாமணி உபதேசியார் எழுந்துவிட்டார். அவர் சீர்திருத்த சபைக்காரர், அதாவது புராட்டஸ்டண்ட் கிறிஸ்தவர்.

“மகாராஜா, வேதம் அறுபத்தாறுதான். அந்தப் பெட்டியில ஏழு கட்டு வேதமே இல்லை. சத்தியம் செல்லாது.”

“எங்க கோயில்ல ஆதியிலயிருந்து வாசிக்கிறது ஐயா அது” என்றாள் சூசையம்மாள்.

ராஜா மந்திரி ஆதிநாயகத்தைப் பார்த்தான். “யார் சொல்வது சரி?”

“அதை அவர்கள் பலகாலமாகப் பேசிவருகிறார்கள், மகாராஜா. நம்மிடம் வந்திருப்பது கிணற்று வழக்கு மட்டும்தான்.”

மந்திரி பதவிமேல் நெடுநாளாகக் கண்வைத்திருந்த சபை அதிகாரி தாண்டவராயர் சும்மா இருப்பாரா? “மந்திரிக்குத் தெரியவில்லை போலும்! கூடுதலாக இருக்கும் ஏழு கட்டுகளையும் கொளுத்திவிட்டால் இருவர் வேதமும் ஒன்றாகிவிடும். வழக்கும் தீர்ந்தது.”

“சபாஷ்! கொண்டுவா நெருப்புச் சட்டியை!” என்றான் ராஜா.

சூசையம்மாள் பெட்டியைக் கட்டிக்கொண்டாள். “மகாராஜா, அவுக போயிட்டாக. அவுக கையெழுத்து இதுல மட்டுந்தான் இருக்கு.” சட்டி வந்தது.

ஆதிநாயகம் முன்னால் வந்தார். “ஒரு வேண்டுகோள். தெரியாமல் வேறு கட்டைக் கொளுத்தினால் பழி மகாராஜாவுக்கு. விஷயம் தெரிந்த தாண்டவராயரே, யாரையும் கேட்காமல் அந்த ஏழு கட்டுகளையும் எடுக்கட்டும். சரியாக எடுத்தால் என் பதவி அவருக்கு. தவறினால் அவர் பதவி போகட்டும்.”

கூடுதல் என்றால் கடைசியில்தானே இருக்கும்? தாண்டவராயர் அப்படித்தான் நினைத்தார். பெட்டியின் கோடியிலிருந்த ஏழு கட்டுகளை அள்ளி, சட்டிக்கு மேலே தூக்கினார்.

“ஐயோ!”

அலறியவர்கள் இரண்டு பேர். ஒருத்தி சூசையம்மாள். இன்னொருவர் மாசிலாமணி! ஓடிவந்து தாண்டவராயரின் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். “விடும் ஐயா! இது எங்களுக்கும் வேதம். எங்க பெட்டியிலயும் கடைசி ஏழு இதுதான்!”

“இவர்கள் வழக்காடும் ஏழும் முற்பாதியில் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கின்றன, மகாராஜா. தாண்டவராயர் பெட்டியைத் திறந்து பார்த்ததே இல்லை” என்றார் மந்திரி.

ராஜாவின் முகம் கறுத்தது. ஆனால் கோபம் திரும்பியது வேறு பக்கம். “உபதேசியாரே, உமக்குத்தான் தெரியுமே. நீர் எடுத்துக் கொடும்.”

அவர் கை நீட்டினால் முடிந்தது. சூசையம்மாள் கண்ணை மூடிக்கொண்டாள்.

மாசிலாமணி பெட்டியருகே போய்க் கைகளைக் கட்டிக்கொண்டார். “தெரியும் மகாராஜா. அது வேதமில்லைன்னு சாகிறவரைக்கும் சொல்லுவேன். ஆனா நல்ல புத்தகங்க, நானே வாசிச்சிருக்கேன். நெருப்புல போட என் கை வராது.”

ராஜா வெட்கத்தில் தலைகுனிந்தான். சட்டியை அப்புறப்படுத்தச் சொன்னான். தன் முத்துமாலையைக் கழற்றி மந்திரிக்குப் போட்டான். “தாண்டவராயரே, அந்த ஏழு கட்டுகளையும் முட்டிபோட்டு இருந்த வரிசையில் அடுக்கிவிட்டு வீட்டுக்குப் போம். இனி சபைக்கு வரவேண்டாம்.”

பிறகு தயங்கிக் கேட்டான்: “உபதேசியாரே, இந்தம்மாள் சத்தியம் செல்லுமா?”

“செல்லும் மகாராஜா. அந்தப் பெட்டிக்குள்ள எங்க அறுபத்தாறும் இருக்கே.”

சூசையம்மாள் பெட்டிமேல் கைவைத்து, பார்த்ததைப் பார்த்தபடி சொன்னாள். அந்தச் சாட்சியால் மாசிலாமணி கிணற்றை இழந்தார்.