விலகிப்போன கல்வரிசை

ஒரு காட்டில், குழந்தைகளே, ஒரு கல்வரிசை இருந்தது. குளத்தங்கரையில் தொடங்கி, நாணல் புதர்களைத் தாண்டி, ஒரு வறண்ட பள்ளத்தைக் கடந்து, பாறைக் குகையின் வாசலில் போய் முடியும். நூல் பிடித்தாற்போல் நேராக இருக்கும்.

குளத்தங்கரையில் பிடிவாதக்கார ஆமை ஒருத்தி இருந்தாள். குகையில் ரோஷக்கார முள்ளம்பன்றி ஒருவன் இருந்தான். இருவரும் இளமையில் சேர்ந்து உருட்டிப் போட்ட கற்கள் அவை. ஒரு கல் நகர வேண்டுமென்றால் இருவரும் வேண்டும். முள்ளம்பன்றி அடியில் மண்ணைப் பறிப்பான். ஆமை ஓட்டால் முட்டுவாள்.

"இந்தப் பக்கம், தம்பி."

"தெரிகிறது அக்கா, நீ முட்டு."

அந்த மழைக்காலம் முழுவதும் காட்டில் இந்தப் பேச்சுத்தான் கேட்டது.

கல் எதற்கு என்று கேட்பீர்கள். முள்ளம்பன்றிக்குக் கண் மங்கல். காலால் தடவித்தான் நடப்பான். ஆமையோ ஒவ்வொரு பனிக்காலமும் கரை மணலில் முட்டையிடுவாள். முட்டை பொரியும்வரை அவன் கல் கல்லாகத் தடவி வந்து, மணலின் அருகில் முள்ளைச் சிலிர்த்துக்கொண்டு காவல் படுத்திருப்பான். முட்டைப் பிரியனான நரி தூரத்தில் நின்று பெருமூச்சு விடுவான்.

காவல் இருக்கும்போது இருவரும் பேசிக்கொண்டே இருப்பார்கள். என்ன பேசினீர்கள் என்று கேட்டால் இருவருக்குமே சொல்லத் தெரியாது. அப்படிப்பட்ட பேச்சு அது.

ஆண்டுகள் போயின. ஒருநாள் முள்ளம்பன்றி ஆமைக்காக ஒரு கிழங்கைக் கவ்விக்கொண்டு வந்தான். பள்ளத்தைத் தாண்டிக் கால் வைத்தால், அதுவரை எப்படியோ காலுக்கு எட்டிவந்த கல்லைக் காணோம். தடவினான். தலைகுப்புற ஒரு முட்புதருக்குள் விழுந்தான்.

"என்ன அண்ணே, உங்களுக்கே முள் குத்திவிட்டதா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. நரிதான்.

"இங்கே இருந்த கல்லைக் காணோம்."

"எங்கே போகும்? அதோ, ஓர் எட்டுத் தள்ளிக் கிடக்கிறது. அக்கா நகர்த்தியிருப்பார்."

"அந்தக் கல் ஒரு ஆளுக்கு நகராது."

"காட்டுப்பன்றிக்கு நாலு கோரைக்கிழங்கு கொடுத்தால் நகர்த்த மாட்டானா? வயதாகிவிட்டது, யாரும் வந்து தொந்தரவு செய்யாமல் இருந்தால் தேவலை என்று நினைத்திருப்பார். எனக்கு எதற்கு ஊர் வம்பு? நான் வருகிறேன்."

முள்ளம்பன்றி கிழங்கை அங்கேயே போட்டுவிட்டுத் திரும்பிப் போனான்.

நரி நேரே குளத்தங்கரைக்கு ஓடினான். "அக்கா, உங்கள் தம்பி வழியை மாற்றிவிட்டார் போலிருக்கிறதே."

ஆமை போய்ப் பார்த்தாள். பள்ளத்துக்கு இந்தப் பக்கத்துக் கல்லும் அந்தப் பக்கத்துக் கல்லும் நேருக்கு நேர் இல்லை. தன் பக்கத்துக் கல்லைச் சுற்றிப் பார்த்தாள். நாணல் வேர் அதை அப்படியே பின்னிக் கிடந்தது. நகர்ந்த அடையாளமே இல்லை.

"அப்படியானால் நகர்ந்தது அவன் கல்தான்" என்றாள்.

"ஒரு வார்த்தை கேட்டுவிடுங்களேன்" என்றான் நரி, அவள் கேட்க மாட்டாள் என்று தெரிந்துகொண்டே.

"அவனே வந்து சொல்லட்டும்."

அவன் வரவில்லை. அந்தப் பனிக்காலம் ஆமை தனியாக முட்டையிட்டாள். தனியாகக் காவல் இருந்தாள். நரி வந்தான். ஆபத்து வந்தால் ஓட்டுக்குள் தலையை இழுத்துக்கொள்ளத்தான் அவளுக்குத் தெரியும். தலையை வெளியே நீட்டியபோது மணலில் வெறும் முட்டை ஓடுகள் கிடந்தன.

மறு ஆண்டும் முட்டையிடும் காலம் நெருங்கியது. ஆமைக்குப் பொறுக்க முடியவில்லை. பள்ளத்தின் ஓரம்வரை நகர்ந்து போய்க் குரல் கொடுத்தாள்.

"அடே, கல்லை இருந்த இடத்தில் வை."

முள்ளம்பன்றி தன் பக்கத்து ஓரத்துக்கு வந்தான். "நகர்த்தியவள் நீ. நியாயம் கேட்கவும் வந்துவிட்டாயா?"

"என் கல்லில் வேர் பிடித்திருக்கிறது."

"என் கல்லில் பாசி பிடித்திருக்கிறது. வேண்டுமானால் வந்து நக்கிப் பார்."

"நீயே நக்கு."

அப்போது இருவருக்கும் நடுவில், பள்ளத்தின் மண் பொலபொலவென்று சரிந்தது. எறும்பு தின்னும் அழுங்கு ஒருத்தி தலையை நீட்டினாள். முணுமுணுப்புக்குப் பேர்போனவள்.

"கத்தாதீர்கள். ஏற்கெனவே எனக்கு மூக்கு வலி. என் வளையைத் தள்ளி வைத்தது யார்? அதைச் சொல்லுங்கள் முதலில்."

"என்ன வளை?" என்றாள் ஆமை.

"இந்தப் பள்ளத்துக்கு அடியில் குறுக்கே நேராகத் தோண்டிய வளை. முன்பெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு போய் வருவேன். இப்போது நடுவில் சுவர் நிற்கிறது. மீதி வளை ஓர் எட்டுத் தள்ளித் தொடங்குகிறது. தினமும் முட்டிக்கொள்கிறேன்."

முள்ளம்பன்றி சரிந்த மண்ணைக் காலால் தடவினான்.

"அக்கா" என்றான் முள்ளம்பன்றி மெதுவாக. "கல்லைத் தள்ளலாம். வளையை யார் தள்ளுவது?"

ஆமை யோசித்தாள். "கோடையில் குளம் வற்றும்போது மேல் சேறு காய்ந்து பாளம் பாளமாக வெடிக்கும். அடியில் இளகியே இருக்கும். நான் ஏறினால் பாளம் மெல்ல நகர்ந்து பக்கத்துப் பாளத்தை உரசும். இந்தத் தரையும் அப்படித்தானோ என்னவோ. நான் ஒரு பாளத்தில் இருக்கிறேன். நீ ஒன்றில் இருக்கிறாய். உரசுகிற இடம் இந்தப் பள்ளம்."

"அடியில் என்ன இருக்கிறதென்று என்னைக் கேட்க மாட்டீர்களே" என்றாள் அழுங்கு. "தோண்டத் தோண்டச் சூடு. நாம் நடக்கிற இந்த மேலோடு மெல்லியது. அதன் கீழே வெகு ஆழத்துக்கு வெந்த பாறை. கல்தான், ஆனாலும் ஊர்ந்துகொண்டே இருக்குமாம். அதற்கும் கீழே இரும்புக் குழம்பு. நட்ட நடுவில் இரும்பு உருண்டை. எங்கள் இனத்தில் எல்லோரும் சொல்லிக்கொள்வது இது. பாறை ஊர்ந்தால் மேலே இருக்கும் பாளம் சும்மா இருக்குமா?"

"எவ்வளவு வேகமாக ஊரும்?" என்று கேட்டான் முள்ளம்பன்றி.

"உன் கால் நகம் வளர்கிற வேகம்."

முள்ளம்பன்றி தலையைத் தொங்கப்போட்டான். "நகம் வளர்கிற வேகத்தில் விலகியதற்கு, நான் ஒரே நாளில் கோபித்துக்கொண்டு போனேனே."

"நான் மட்டும் என்ன? கூப்பிட்டுக் கேட்டேனா?" என்றாள் ஆமை. "சரி, இப்போது வா."

"எப்படி வருவது? இங்கே கல் இல்லையே."

"நான் பேசிக்கொண்டே இருக்கிறேன். என் குரலைப் பிடித்துக்கொண்டு வா."

அவன் பள்ளத்தில் இறங்கினான். அவள் பேசிக்கொண்டே முன்னால் போனாள். அதுவும் ஒன்றுமில்லாத பேச்சுத்தான்.

அந்தப் பனிக்காலம் நரி நாக்கைச் சப்புக்கொட்டிக்கொண்டு மணலுக்கு வந்தான். முள்ளம்பன்றியைக் கண்டதும் நின்றான். "அடடே, அண்ணனுக்கு வழி தெரிந்துவிட்டதா?" என்று குழைந்துகொண்டே ஒரு காலை மட்டும் மணலில் வைத்தான்.

முள்ளம்பன்றி முதுகைத் திருப்பிக்கொண்டு பின்பக்கமாகவே பாய்ந்தான். மூக்கில் இரண்டு முள்ளோடு ஓடிய நரி அதன் பிறகு அந்தக் காட்டில் தென்படவில்லை.

முட்டைகள் பொரிந்தன. குட்டிகள் ஒவ்வொன்றாகத் தண்ணீருக்கு ஊர்ந்து போயின. கண் மங்கிய முள்ளம்பன்றி ஒவ்வொன்றையும் முன்காலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தான். முந்தைய ஆண்டு முட்டைகளைப் பற்றி அவன் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

நீதி: நண்பன் விலகிவிட்டான் என்று முடிவுகட்டும் முன், நடுவில் நகர்ந்தது எது என்று அவனிடமே போய்க் கேள்.