ஒரு பலாமரம், இரண்டு செய்தி

ஆற்றங்கரைக் காடு ஒன்றில் மணிமொழி என்ற மலை மைனா இருந்தது. காட்டுக்கே அதுதான் செய்தி சொல்லும். விடிந்ததும் இலவமரத்தின் உச்சிக் கிளையில் உட்கார்ந்து, எங்கே என்ன நடந்தது என்று உரக்கச் சொல்லும். மேட்டில் இருப்பவர்களுக்கும் கேட்கும், பள்ளத்தில் இருப்பவர்களுக்கும் கேட்கும், ஆற்றுக்கு அக்கரையில் இருந்த யானைகளுக்கும் கேட்கும். மணிமொழி பொய் சொல்லாது என்று காட்டில் பெயர். அந்தப் பெயரில் அதற்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

மேட்டில் மான்களும் மயில்களும் மலையணில்களும் வாழ்ந்தன. பள்ளத்தில் பெருச்சாளிகள் வாழ்ந்தன. பள்ளம் பிடித்துப்போய் அவை அங்கே குடியேறவில்லை. மேட்டில் வளை தோண்டினால் எங்கள் கால் இடறும் என்று சொல்லி மான்கள் எப்போதோ விரட்டிவிட்டன. கறுத்த உடம்பு, சேறு ஒட்டிய மீசை, நீண்ட மூக்கு. மேட்டில் இருந்தவர்கள் முகம் சுளிக்க இவ்வளவே போதுமாக இருந்தது.

வெள்ளம் வந்தால் அந்தக் காட்டில் ஒரு வழக்கம் உண்டு. அக்கரை யானைகள் ஆற்றைக் கடந்து வந்து தண்ணீரில் வரிசையாக நிற்கும். சின்ன உயிர்கள் அவற்றின் மேல் ஏறி, முதுகுக்கு முதுகு தாவி மேட்டை அடையும். தண்ணீர் வடியும்வரை அங்கே இருக்கலாம், அதற்கு மேல் கூடாது. எங்கே போய் நிற்பது என்பதை யானைகள் மணிமொழியின் சொல்லைக் கேட்டுத்தான் முடிவு செய்யும். அக்கரையில் நின்று பார்த்தால் மழையைத் தவிர ஒன்றும் தெரியாது.

அந்த வருஷம் மழை விடாமல் பெய்தது. ஆறு கரையை உடைத்துக்கொண்டு பள்ளத்தில் புகுந்தது. வளைகள் மூழ்கின. நொச்சி என்ற பெருச்சாளி தன் நான்கு குட்டிகளோடு ஒரு கரையான் புற்றின் உச்சியில் ஏறி உட்கார்ந்தது. துத்தி, தும்பை, முள்ளி, கடைக்குட்டி கொழுஞ்சி. நான்கும் இன்னும் நீந்தப் பழகாதவை.

மழை தொடங்கிய அன்றே நொச்சி அவற்றைக் கூட்டிக்கொண்டு மேட்டுக்குப் போனதுதான். மான்கள் குளம்பைத் தட்டித் துரத்தின. வெள்ளம் வரட்டும், வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றன. வெள்ளமும் வந்துவிட்டது.

குட்டிகள் பசியில் அழுதன. மேட்டுச் சரிவில் நின்ற பலாமரம் ஒன்று வேரோடு சாய்ந்து தண்ணீரில் கிடந்தது. பழங்கள் வெடித்து மிதந்தன. நொச்சி நீந்திப் போய் ஒரு சுளையைக் கவ்விக்கொண்டு திரும்பியது. மரம் நிலையாக இல்லை, புரண்டு புரண்டு கிடந்தது. இல்லாவிட்டால் குட்டிகளையே அங்கே கொண்டுபோய் வைத்திருக்கும்.

அதே காலையில் வாகை என்ற மலையணிலும் மேட்டிலிருந்து இறங்கி வந்து அந்த மரத்திலிருந்து ஒரு சுளையை எடுத்துப் போனது. அதன் கூடும் நனைந்திருந்தது, அதன் குட்டிகளுக்கும் பசி. இரண்டையும் மணிமொழி தன் கண்ணால் பார்த்தது.

பார்த்துவிட்டு உச்சிக் கிளையில் ஏறிக் குரல் கொடுத்தது.

"கொட்டும் மழையிலும் குட்டிகளின் பசி தீர்க்க, உயிரைப் பணயம் வைத்து உணவு தேடி எடுத்தது வாகை! பள்ளத்தில் பெருச்சாளிகள் அட்டகாசம்! சாய்ந்து கிடக்கும் பலாமரத்தைச் சூறையாடுகின்றன! மழை வலுக்கும் என்று முன்பே எச்சரித்தும் பள்ளத்தை விட்டு வெளியேற மறுத்தவை இவை!"

அக்கரையில் யானைகள் ஆற்றில் இறங்கத் தயாராக நின்றிருந்தன. பள்ளத்துக்குத்தான் போவதாக இருந்தன. கூட்டத்தின் தலைவி மாதங்கி செய்தியைக் கேட்டு, எடுத்து வைத்த காலைப் பின்னுக்கு இழுத்தது. கூட்டத்தில் கன்றுகள் இருந்தன. பசிவெறி பிடித்த பெருச்சாளிகள் காலைக் கடித்துக் குதறினால் என்ன செய்வது என்று ஒரு யானை கேட்டது. மரத்தைச் சூறையாடியவை அடுத்து மேட்டுக்குத்தானே ஏறும் என்றது இன்னொன்று. அப்படியானால் முதலில் மேட்டைக் காப்போம், பள்ளத்தைப் பிறகு பார்ப்போம் என்று மாதங்கி முடிவு செய்தது. அது கெட்ட யானை அல்ல. கேட்டதை நம்பியது, அவ்வளவுதான்.

யானைகள் ஆற்றைக் கடந்து மேட்டில் போய் வரிசையாக நின்றன. மேட்டில் புல் நனைந்திருந்தது. வேறு ஒரு சேதமும் இல்லை.

புற்றின் மேலிருந்து நொச்சி பார்த்தது. யானைகளின் பின்பக்கம்தான் தெரிந்தது. தண்ணீர் புற்றின் பாதிக்கு ஏறியிருந்தது. தம்பி தங்கையை விடாமல் பிடித்துக்கொள் என்று மூத்தவன் துத்தியிடம் சொல்லிவிட்டு, நொச்சி இலவமரத்தை நோக்கி நீந்தியது. அடித்துப் போகும் தண்ணீரில் முங்கி எழுந்து, அடிமரத்தைப் பற்றி, நகம் பெயர மேலே ஏறியது.

"காலையில நீ சொன்னது என்னைப் பத்தித்தானே?" என்று கேட்டது.

மணிமொழி அதை அடையாளம் தெரியாமல் பார்த்தது. "நான் யார் பேரையும் சொல்லலையே. பெருச்சாளிகள்னு பொதுவாத்தான் சொன்னேன்."

"வாகை பேரைச் சொன்னியே. அவ பிள்ளைங்க பசியையும் சொன்னே. அவ வாயில என்ன இருந்துச்சு?"

"பலாச்சுளை."

"என் வாயில?"

"அதுவும் பலாச்சுளைதான்."

"ஒரே மரத்துச் சுளை. அவ தேடி எடுத்தா, நான் சூறையாடினேனா?"

மணிமொழிக்குக் கோபம்தான் முதலில் வந்தது. கண்ணால் பார்த்ததைச் சொன்னேன், அதில் என்ன பொய் என்று கேட்க வாயைத் திறந்தது. நொச்சியின் காலில் ரத்தம் வழிவதைப் பார்த்து நிறுத்திக்கொண்டது.

"வாகை கூடு என் கிளைக்குப் பக்கத்துல இருக்கு," என்றது மெதுவாக. "அவ பிள்ளைங்க கண்ணு திறந்த நாள்ல இருந்து எனக்குத் தெரியும். உங்க பக்கம் நான் ஒரு நாளும் இறங்கி வந்ததில்ல. தூரத்துல இருந்து பார்த்தா எல்லாரும் ஒரே மாதிரி கறுப்பா, கூட்டமா, பயமாத்தான் தெரிஞ்சீங்க."

"என் பிள்ளைங்க நாலு பேர் புத்து மேல நிக்கிறாங்க. யானைங்ககிட்ட சொல்லு. இப்பவே சொல்லு."

சொல்கிறேன் என்றது மணிமொழி. நொச்சி அதை நம்பி இறங்கி, வந்த வழியே நீந்திப் போனது. யானைகள் வந்துகொண்டிருக்கின்றன, இன்னும் கொஞ்ச நேரம்தான் என்று குட்டிகளிடம் சொன்னது.

மணிமொழி சொல்லத்தான் செய்தது. ஆனால் உச்சிக் கிளைக்கு ஏறியபோது அதற்கு ஒரு யோசனை வந்தது. காலையில் சொன்னது தப்பு என்று இங்கிருந்து கூவினால் நாளைக்கு என் பேச்சை யார் நம்புவார்கள்? இத்தனை நாள் காப்பாற்றிய பெயர் என்ன ஆகும்? அதனால் கீழ்க் கிளை ஒன்றுக்கு இறங்கியது. மயில்களின் தோகை நனைந்த கதையை முதலில் சொன்னது. அதற்குப் பிறகு, பள்ளத்தில் புற்றின் மேல் சில குட்டிகள் இருப்பதாகவும் தெரிகிறது என்று ஒரே ஒரு முறை, தணிந்த குரலில் சொன்னது. புற்றிலிருந்த நொச்சிக்கு மட்டும் லேசாகக் கேட்டது, மழை இரைச்சலில் மேட்டை எட்டவே இல்லை.

யானைகள் நின்ற இடத்திலேயே நின்றன.

தண்ணீர் புற்றின் உச்சியைத் தொட்டது. நொச்சி நான்கு குட்டிகளையும் மாறி மாறிப் பார்த்தது. வாயில் ஒன்றைத்தான் கவ்வ முடியும். கொழுஞ்சிதான் சிறியது, அதற்குக் குளிரில் நடுக்கம் எடுத்திருந்தது. அதைக் கவ்விக்கொண்டு பலாமரத்துக்கு நீந்தி, ஒரு கிளைச் சந்தில் திணித்துவிட்டு, மூச்சு வாங்காமல் திரும்பியது. புற்று கரைந்து போயிருந்தது. துத்தியையும் தும்பையையும் முள்ளியையும் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே அந்த இடத்தைச் சுற்றிச் சுற்றி நீந்தியது. இருட்டும்வரை நீந்தியது.

மறுநாள் மழை விட்டது. மேட்டுக்கு யாரும் சூறையாட வரவில்லையே என்று மாதங்கிக்கு அப்போதுதான் உறைத்தது. கூட்டத்தோடு பள்ளத்தில் இறங்கித் தண்ணீரில் வரிசையாக நின்று தும்பிக்கையைத் தாழ்த்தியது. ஏறுவதற்கு யாரும் வரவில்லை. பலாமரத்தில் ஒரு தாயும் குட்டியும் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தன. மாதங்கி அவற்றை ஏற்றிக்கொண்டு மேட்டுக்கு நடந்தது. நடந்ததை எல்லாம் நொச்சி வழியில் சொன்னது.

மணிமொழி பறந்து வந்து அவர்கள் முன்னால் இறங்கியது. "உன் துக்கத்தைக் காடு முழுக்கச் சொல்றேன். எல்லாரும் அழற மாதிரிச் சொல்றேன்," என்றது.

"என் அழுகையைச் சொல்ல வேண்டாம்," என்றது நொச்சி. "நேத்து நீ சொன்னது தப்பு, நாங்க வெளியேற மறுக்கல, மான்கள்தான் மேட்டுல இருந்து துரத்துச்சுன்னு சொல்லு. காலையில எந்தக் கிளையில நின்னு சொன்னியோ அங்க நின்னு சொல்லு. யாருக்கும் கேக்காத கிளையில இல்ல."

மணிமொழி உச்சிக் கிளைக்குப் போனது. நொச்சியும் வாகையும் எடுத்தது ஒரே மரத்துப் பழம், இரண்டும் எடுத்தது பசித்த குட்டிகளுக்கு என்று சொன்னது. பெருச்சாளிகள் பள்ளத்தைவிட்டு வெளியேற மறுக்கவில்லை, மேட்டிலிருந்து துரத்தப்பட்டன என்று சொன்னது. துத்தி, தும்பை, முள்ளி என்று மூன்று பேரையும் சொன்னது. இந்த முறை குரல் தணியவில்லை. காடு முழுவதும் கேட்டது. அதன்பின் அதன் பேச்சைச் சிலர் நம்பாமல் போனார்கள், அதுவும் உண்மை.

கீழே நொச்சி மான்களைப் பார்த்துக் கேட்டது. "இனி நாங்க பள்ளத்துக்குப் போக மாட்டோம். மேட்டுல வளை தோண்ட இடம் வேணும். குடுப்பீங்களா?"

மான்கள் ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டன. ஒன்றும் பதில் சொல்லவில்லை.

"நொச்சி மேட்டில் இடம் கேட்கிறது!" என்று உச்சிக் கிளையிலிருந்து குரல் வந்தது. "மான்கள் பதில் சொல்லாமல் நிற்கின்றன!"

அதைக் கேட்ட பிறகுதான் ஒரு பெண்மான் தலையைக் குனிந்தபடி நகர்ந்து, தான் நின்ற இடத்தை விட்டுக் கொடுத்தது.

துன்பத்தில் இருப்பவரின் நிறத்தையும் நிலையையும் பார்த்து நாம் சொல்லை மாற்றினால், அந்தச் சொல்லே அவருக்கு வர வேண்டிய உதவியைத் தடுத்து உயிரைப் பறித்துவிடும்.